மாத்திரை நின்ற தேதி



வட்டவளை மழையில் கிளினிக்குக்குப் போனால் தோட்டத்தில் அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. "இப்பதான் நல்லாயிருக்கே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று வீட்டில் ஒரு பேச்சும் எழும். அத்தோடு, மனச்சிதைவு போன்ற மனநோய்க்குப் பல வருசமாகப் போட்ட மருந்து நின்றுவிடுகிறது. இலங்கையில் 2022இல் வந்த தட்டுப்பாட்டில் மருந்து கிடைக்காமலே போகலாம் என்பதையும் கண்டோம்.

சில நாளில் தூக்கம் போகும். உட்கார இருப்புக் கொள்ளாது; விடியும்வரை லயத்து வாசலில் நடை. வியர்வை, குமட்டல். சிலருக்கு வாயும் நாக்கும் தானாக அசையும். "பழையபடி தொடங்கிட்டு" என்பார்கள் வீட்டார்.

அத்தனையும் பழைய நோய் அல்ல. இந்த மருந்துகள் மூளையில் டோபமைன் என்ற இரசாயனம் வேலை செய்யும் இடங்களை அடைக்கின்றன. கவாத்து வெட்டிய தேயிலை புதுக்கிளை விடுவதுபோல, அடைபட்ட மூளையும் அந்த இடங்களைக் கூட்டிக்கொள்ளும். மருந்து திடீரென நின்றால் டோபமைன் அங்கே அளவுக்கு மீறி வேலை செய்யும். அதோடு உண்மையாகவே நோய் திரும்புவதும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது வைத்தியருக்கே சிரமம்.

உதாரணத்துக்கு, நான்கு மில்லிகிராம் போடும் ஒருவர் அதை மூன்றாக்கினால் மூளைக்கு அவ்வளவாகத் தெரியாது. கடைசி ஒன்றை விடுவதுதான் பெரிய இறக்கம், ஏனென்றால் சிறிய அளவே பெரும்பாலான இடங்களை அடைத்துவிடுகிறது. அதனால்தான் 2021இல் லண்டனில் ஹொரோவிட்ஸ், மரே முதலான ஆய்வாளர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அப்போதுள்ள அளவில் கால்வாசியோ பாதியோ குறைப்பது, முடிவில் மிகச் சிறிய அளவுக்கு வந்தபிறகே நிறுத்துவது. படிப்படியாகக் குறைத்தாலும் ஆபத்து முற்றாக நீங்காது. இங்கிலாந்தில் 253 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், குறைத்தவர்களில் 25 சதவீதத்தினருக்கு நோய் கடுமையாகத் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 13 சதவீதம். ஆகவே குறைப்பதை வைத்தியரோடு பேசித்தான் செய்ய வேண்டும். கை நடுங்குகிறது, உடம்பு பெருக்கிறது, வேலைக்குப் போக முடியாமல் தூக்கம் அமுக்குகிறது என்றால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். அது நியாயமான முறைப்பாடு.

ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்களா? ஏசுவார்களே என்று மறைக்காதீர்கள். எந்தத் தேதியில் நின்றது, எத்தனை மில்லிகிராம் என்று கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். அது தெரியாவிட்டால், நோய் முற்றிவிட்டது என்று மருந்தைக் கூட்டிவிட இடமுண்டு. தூக்கமே இல்லாமல் இரவுகள் போனால், அல்லது உயிரை விடும் பேச்சு வந்தால், கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926.