லண்டனா, ரொறன்ரோவா?



என்ர பெரியம்மாவின்ர மகள் லண்டனில நேர்ஸ். போன மாதம் போன் எடுத்தா. “தங்கச்சி, அங்க நேர்ஸ்மாருக்குச் சம்பளம் கூடவாம். ரொறன்ரோவுக்கு வந்திடட்டோ?”

நான் உடனே டொலரைப் பவுண்ஸாக்கிக் கணக்குப் போட்டன். சம்பளம் கூடத்தான். ஆனால் அது பிழையான கணக்கு. கேட்க வேண்டியது, ஒரு மாத வாடகைக்கு எத்தனை நாள் வேலை செய்யவேணும் என்பது.

லண்டனைப் பாருங்கோ. பொது மருத்துவ சேவையில் இருப்பவர்களுக்கு உள் லண்டனில் அடிப்படைச் சம்பளத்தோடு 20 சதவீதம் கூடக் குடுக்கிறாங்கள். வெளி லண்டனில் 15. நகரம் விலை கூடியது என்று அரசே ஒத்துக்கொள்கிறது. ஆனால் 1989 முதல் புதிய தனியார் வாடகைகளுக்குக் கட்டுப்பாடு இல்லை. அந்த 20 சதவீதம் அக்காவின்ர கையில நிக்கிறதில்லை, வீட்டுக்காரரிட்டப் போகுது.

ரொறன்ரோவில் அந்தப் படியும் இல்லை. ஒன்ராறியோவின் பெரும்பாலான மருத்துவமனை நேர்ஸ்மாருக்கு ஒரே ஒப்பந்தம். தண்டர் பேயிலும் இங்கேயும் ஒரே சம்பளம், வாடகை மட்டும் வேறு. 2019இல் மாகாண அரசு சம்பள உயர்வை மூன்று வருடத்துக்கு வருடம் 1 சதவீதம் என்று சட்டம் போட்டு அமத்தினது. 2022இல் நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது.

வாடகையோ? 2018 நவம்பர் 15க்குப் பிறகு குடிபுகுந்த வீடுகளுக்கு உயர்வு வரம்பே இல்லை. பழைய வீட்டிலும் ஆள் மாறினால் வீட்டுக்காரர் நினைச்ச வாடகை. எங்கட அம்மா இருபது வருடமாக ஒரே வீட்டில குடுக்கிற வாடகையை வைச்சு அக்கா கணக்குப் பார்க்க ஏலாது. புதுசா வாறவருக்குத்தான் ஆகக் கூடின வாடகை.

இன்னுமொன்று எந்தக் கணக்கிலும் வராது. 2022 டிசெம்பரில் அக்கா வேலைநிறுத்தத்தில் நின்றவ. ஒன்ராறியோவில் மருத்துவமனைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்யச் சட்டம் விடாது. இங்க வந்தால் அந்த உரிமையை விட்டிட்டுத்தான் வரவேணும்.

ரெண்டு ஊரிலும் நடந்தது ஒன்றுதான்: சம்பளத்தைக் கட்டினாங்கள், வாடகையை அவிழ்த்துவிட்டாங்கள். ஊர் மாறி இதிலிருந்து தப்ப ஏலாது. 2023 மே மாதம் இங்கே தோர்ன்கிளிஃப் பார்க்கில் குடியிருப்பவர்கள் சேர்ந்து வாடகை கட்ட மறுத்தது அதனால்தான்.

அக்காவுக்குச் சொன்னன்: “வாறதெண்டால் வாங்கோ, எங்களுக்குச் சந்தோசம். ஆனால் யூனியன் கூட்டத்துக்கும், குடியிருப்பாளர் கூட்டத்துக்கும் வரவேணும்.”

உங்கட வீட்டிலும் இந்தக் கேள்வி வரும். அப்ப டொலரை மாத்திப் பார்க்காதேங்கோ, வாடகைக்கு எத்தனை நாள் என்று கேளுங்கோ.