உயிர்காக்கும் கைகளைப் பயிற்றுவிப்பது யார் பொறுப்பு?

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



1992 ஜூலை 8 அன்று மேற்கு வங்கத்தின் மதுராபூர் ரயில் நிலையத்தில் விவசாயத் தொழிலாளி ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் படுகாயமுற்றார். அரசு மருத்துவமனைகள் பலவற்றுக்குக் கொண்டு சென்றும் இடமில்லை, வசதியில்லை என்றே பதில் கிடைத்தது. இறுதியில் தனியார் மருத்துவமனையில் ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவழித்தே அவர் உயிர் பிழைத்தார். அது இடது முன்னணி ஆட்சிக் காலம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவர் சார்ந்திருந்த விவசாயத் தொழிலாளர் சங்கம் உச்சநீதிமன்றம் சென்றது. அவசர சிகிச்சை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு வழங்கும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றும், நிதியில்லை என்று கூறி அரசு தப்பிக்க முடியாது என்றும் 1996இல் தீர்ப்பு வந்தது. ஆம்புலன்சுகளில் தேவையான கருவிகளும் மருத்துவப் பணியாளர்களும் இருக்க வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் ஒரு பகுதி.

ஆம்புலன்சுகள் வந்தன. 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் 108 சேவை தொடங்கியது; பின்னர் பல மாநிலங்களுக்கும் பரவியது. செலவின் பெரும்பகுதி அரசுப் பணம். நிர்வாகமோ பல இடங்களில் ஒப்பந்த நிறுவனங்களின் கையில். வண்டிகளின் எண்ணிக்கையை அரசுகள் பெருமையுடன் அறிவிக்கின்றன. வண்டிக்குள் நோயாளியின் அருகே அமர்ந்திருக்கும் இளைஞர் எவ்வாறு பயிற்றுவிக்கப்பட்டார் என்பதை யாரும் அறிவிப்பதில்லை.

அவர் கற்க வேண்டியது சிறிதன்று. இதயம் நின்றுவிட்டால் சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கும். மார்பை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் அழுத்த வேண்டும். வகுப்பறையில் பொம்மையின் மீது ஒருமுறை செய்து பார்த்தவரால் குலுங்கும் வண்டியில் இதைச் செய்ய இயலாது. வழியிலேயே நிகழும் பிரசவத்தில் தாயையும் சேயையும் அவரே காக்க வேண்டும். பாம்பு கடித்த காலை இறுகக் கட்டக்கூடாது என்பதைப் பதறி நிற்கும் குடும்பத்துக்கு அவர்களது மொழியிலேயே விளக்க வேண்டும். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த பாடம் அந்த வேளையில் நாவுக்கு வராது. எனவே தாய்மொழியில் பாடநூல், அனுபவமுள்ள ஆசிரியர், அவசர சிகிச்சைப் பிரிவில் மேற்பார்வையுடன் கூடிய களப்பயிற்சி ஆகிய மூன்றும் இன்றியமையாதவை.

2021இல் இயற்றப்பட்ட இணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், இணை மருத்துவப் பணியாளரின் படிப்பு 2,000 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது என்கிறது. அவசரகால மருத்துவ நுட்புநரும் அதன் அட்டவணையில் இடம்பெறுகிறார். நடைமுறையிலோ சில வாரப் பயிற்சியுடன் பணிக்கு அனுப்பும் வழக்கம் உள்ளது. இரத்தத்தோடு பழகும் பணிக்குக் கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி ஆறு மாதங்களில் மூன்று தவணையாகப் போடப்படுகிறது. தடுப்பூசி முடியும் முன்னரே பயிற்சி முடிந்துவிடுகிறது! ஒப்பந்த முறையில் பயிற்சி என்பது குறைக்கப்பட வேண்டிய செலவு. உரிமை என்ற நோக்கிலோ அது அரசின் கடமை.

இப்படிப்புக்கு வருவோரில் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் ஏராளம். கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் கட்டணம் செலுத்துகின்றனர். களப்பயிற்சி என்ற பெயரில் ஊதியமின்றி உழைக்கின்றனர். முதன்முறையாகத் தம் கைகளிலேயே ஒரு குழந்தை இறப்பதைக் கண்ட மாணவர் அடுத்த அழைப்புக்கு விரைகிறார். தவறு தன்னுடையதா என்று இரவெல்லாம் உழலும் அவருடன் அமர்ந்து, நடந்ததைப் படிப்படியாகப் பேசித் தெளிவிக்கும் ஆசிரியர் தேவை. இது கருணை அன்று. கற்பித்தலின் ஒரு பகுதியே.

ஆகவே அரசுக் கல்லூரிகளில் கட்டணமற்ற முழுநேரப் படிப்பு, களப்பயிற்சிக்கு உதவித்தொகை, தடுப்பூசி, காப்பீடு, மனநல ஆதரவு, படிப்பு முடித்தோர்க்கு எட்டு மணி நேர வேலையுடன் நிரந்தரப் பணி ஆகியன நமது கோரிக்கைகள். மாணவர், வாலிபர், தொழிற்சங்க அரங்கங்கள் இவற்றைத் தனித்தனியே எழுப்பினால் போதாது. ஒரு விவசாயத் தொழிலாளர் சங்கம் வென்றெடுத்த உரிமை, பயிற்சி பெற்ற இரு கைகள் இல்லையேல் காகிதத்திலேயே கிடக்கும். அக்கைகளுக்குத் துணை நிற்பது உழைக்கும் மக்களின் உயிருக்குத் துணை நிற்பதாகும்.