சிங்கராஜ வனமும் நமது மலையும்
(சங்க ஆண்டுக் கூட்டத்திற் பேசியது)



காட்டில் மரந் தறிப்பவன் கள்ளன் என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் இலங்கையின் தலைசிறந்த மழைக்காட்டிலே பட்டப்பகலில் மரந் தறிப்பித்தது அரசாங்கமே.

சிங்கராஜ வனம் 1875ஆம் ஆண்டிலேயே ஒதுக்கக் காடாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அங்குள்ள மரவகைகளில் 100க்கு 60க்கு மேற்பட்டவை இலங்கைக்கே உரியவை. அப்படியிருந்தும் 1971-72 அளவில் ஒட்டுப்பலகைக்காக இயந்திரங்கள் உள்ளே புகுந்தன. தேர்ந்தெடுத்த மரங்களை மாத்திரம் வெட்டுவதே திட்டம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பெருமரம் சாயும்போது பக்கத்து இளமரங்களையும் முறித்துக்கொண்டே சாயும். அதை இழுத்துவரப் பாதை வேண்டும். பாதை வெட்டினால் மழை மண்ணை ஆற்றிற்குக் கொண்டுபோகும். நிழலில் முளைத்த கன்றுகள் வெயிலிற் கருகும்.

கற்றோரும் பொதுமக்களும் குரலெழுப்பினர். 1977இல் வெட்டு நின்றது. 1988இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக ஏற்றது. 1875ஆம் ஆண்டுக் கடதாசியாற் காக்க முடியாததை ஜனங்களின் வாய் காத்தது.

தெற்கே நடந்தது நாவுலைக்கு எதற்கு என்பீர்கள். சிங்கராஜ வனத்தின் வடபுறத்து நீர் களு கங்கைக்குப் போகிறது. நம் பக்கத்திலும் ஒரு களு கங்கை உண்டு. பெயர்தான் ஒன்று, ஆறு வேறு. அது நக்கிள்ஸ் மலையிற் பிறந்து அம்பன் கங்கையிற் கலக்கிறது. 2018இல் திறந்த மொறகஹகந்த நீர்த்தேக்கத்தை நிரப்புவது அந்த அம்பன் கங்கையே.

நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டில் பாதுகாப்பு வனமாயிற்று. 2010இல் உலக மரபுரிமையிலும் சேர்ந்தது. ஆனால் பெருமரங்களின் கீழே நெடுங்காலமாக ஏலம் பயிரிட்டு வந்தார்கள். ஏலத்துக்காகச் சிறுமரங்களையும் கன்றுகளையும் களைந்துவிடுவார்கள். காயை உலர்த்தும் சூளைக்கும் விறகு காட்டிலிருந்துதான். மேலே பச்சை தெரியும். கீழே வாரிசு இல்லை. தலவிருட்சத்தை வலம்வரும் நமக்கு இது விளங்காததன்று.

ஏலத்தால் வயிறு வளர்த்த குடும்பங்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. வேறு பிழைப்புக் காட்டாமல் வெளியேறு என்பது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் லொறிகளில் இறங்கும் மரம் வேறு விஷயம். மரம் ஏற்றிச் செல்ல அனுமதிப்பத்திரம் வேண்டுமென்பது சட்டம். ஐயம் எழும்போது நமது சங்கம் வன உத்தியோகத்தருக்கு எழுதிக் கேட்கலாம். அக்கடிதத்தை எழுத வாலிபர் நாங்கள் ஆயத்தம்; முதற் கையொப்பத்தைப் பெரியோர்கள் இடவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.