முப்பது கடந்தபின் ஒரு பிறமொழி



"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்னும் பழமொழியை நம்மவர் மொழிப் பயிற்சிக்கும் பொருத்திக் கூறுவர். மூங்கிலுக்கு அது பொருந்தலாம். நாவுக்கும் பொருந்துமா என்பதை நம் ஊவா மலைநாட்டைச் சான்றாகக் கொண்டு ஆராய எண்ணுகிறேன்.

பிரித்தானியர் காலத்தில், இருபது வயது கடந்த இளைஞர் பலர் கடல் கடந்து சின்னத்துரைமாராக இத்தோட்டங்களுக்கு வந்தனர். தொழிலாளர் பேசியது தமிழ். ஆகவே துரைமாரும் தமிழ் கற்றாக வேண்டியிருந்தது. அவர்களுக்கென்று 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் ஒரு கைந்நூல் வெளிவந்தது. அதன் பெயர் 'இங்கே வா'. பெயரே போக்கை உணர்த்திவிடுகிறது! ஏவல் வினைகளே துரைக்குத் தேவை. அவற்றை அவர் விரைந்து கற்றார். 'உன் பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்ததா?' என்று பெரட்டுக் களத்தில் வினவ வேண்டிய கட்டாயம் அவருக்கு எழவில்லை. வளர்ந்தவர் கற்கும் மொழி அவருடைய தேவையின் அளவே வளரும்.

இனி, நம்மவர் சிங்களம் கற்பதைப் பார்ப்போம். 'மம கெதர யனவா' என்பதை 'நான் வீட்டுக்குப் போகிறேன்' என்று சொல்லுக்குச் சொல் வைத்துக் காட்டலாம், வரிசை மாறாது. பேச்சுச் சிங்களத்தில் 'நான்', 'நீ', 'அவன்' எவர் போனாலும் 'யனவா' என்ற ஒரே வினையே நிற்கும். தமிழைவிட எளிது என்றே சொல்வேன். இடர் ஒலியில்தான் உள்ளது. வாயில் என்பதற்கும் கடை என்பதற்கும் சிங்களத்தில் வெவ்வேறு ஒலி. தமிழெழுத்தில் எழுதினாலோ இரண்டும் 'கடே' ஆகிவிடும். ஆதலால் முதல் நாளிலேயே சிங்கள எழுத்தைக் கற்பித்தல் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லா மொழியும் இவ்வளவு இணங்கி வருவதில்லை. தாய்லாந்து மொழியில் தொனிகள் ஐந்து. 'மை' என்னும் ஓரசை, தொனிக்கேற்பப் புதியது என்றும், மரம் என்றும், பட்டு என்றும், இல்லை என்றும் பொருள்படும். ஆயினும் அதன் எழுத்து பல்லவர் எழுத்தின் வழிவந்தது; குருவை அவர்கள் 'க்ரூ' என்பர், நகரத்தை 'நகோன்' என்பர். 1753ஆம் ஆண்டு சியாம் தேசத்து உபாலி தேரர் கண்டிக்கு வந்து உபசம்பதாவை மீண்டும் நிலைநாட்டியபோது, இரு நாட்டுத் துறவியரையும் இணைத்த மொழி பாளி. அது இரு சாராருக்கும் தாய்மொழியன்று; கற்ற மொழி.

1956இல் சிங்களம் மாத்திரமே அரச கரும மொழியாயிற்று. 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அத்தகுதி பெற்றது. 2007 யூலை முதல் அரச சேவையில் சேர்வோர் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெறல் வேண்டுமென விதிக்கப்பட்டது. நல்ல விதி. ஆனால் 'தாங்கள் எவ்விடம் வசிக்கின்றீர்கள்?' என்று பாடநூற்றமிழ் பயின்ற உத்தியோகத்தர், லயத்து மூதாட்டியின் மறுமொழியை விளங்கிக்கொள்ள இயலாது திகைப்பதைக் கண்டிருக்கிறேன். (இந்தப் பேச்சுத் தமிழும் அவருக்கு உதவாது!)

வளைகுடா நாடுகளில் வீட்டுப்பணி செய்து மீண்ட பெண்கள் பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களில் உளர். ஓரெழுத்தும் அறியாது, அடுக்களையில் நின்றே, முப்பது வயதுக்குப் பின் அரபு பேசக் கற்றவர்கள். அவர்களே, "ஐயா, சிங்களம் மட்டும் எங்களுக்கு ஏறாது" என்கின்றனர். காரணம் யாது? அங்கே மொழிபெயர்க்க எவருமில்லை. இங்கோ மகன் இருக்கிறான், கணக்கப்பிள்ளை இருக்கிறார். துணைக்கு வரும் நாக்கு, கற்க வேண்டிய நாக்கைக் கட்டிவிடுகிறது.

இதனால் நேரும் துன்பம் சிறிதன்று. ஆஸ்பத்திரியில் ஒரு தாய் தன் உடலின் நோயைப் பன்னிரண்டு வயது மகனிடம் கூறி, அவன் அதனை வைத்தியரிடம் கூற வேண்டியிருக்கிறது. மகனிடம் சொல்லத் தகாதவற்றை அவள் விழுங்கிவிடுகிறாள். வைத்தியரும் பாதி நோய்க்கே மருந்து எழுதுகிறார்.

எனவே, எங்கள் மாலை வகுப்பில் 'என் பெயர் இன்னது' என்று நாம் தொடங்குவதில்லை. முதற் பாடம் 'மெதன ரிதெனவா', அஃதாவது, இவ்விடம் நோகிறது. அடுத்து, எத்தனை நாளாக என்பது. அதன்பின், பெண் வைத்தியர் உளரா என்பது. நாளொன்றுக்கு இரண்டு வாக்கியங்களுக்கு மேல் கொடுப்பதில்லை; கொழுந்து பறித்துக் களைத்து வருபவர்கள் அல்லவா? நான்காம் நாள் ஒரு பெண்மணி தாமே எழுந்து, "மகனிடம் சொல்ல வேண்டாம் என்பதற்கு என்ன சொல்வது, ஐயா?" என்று கேட்டார். 'புதாட்ட கியன்ன எபா' என்று சொல்லிக் கொடுத்து, கரும்பலகையில் சிங்கள எழுத்திலேயே எழுதினேன். அன்றைக்கு அந்த ஒரு வாக்கியமே பாடமாயிற்று.