மீட்டரின் மொழியும் துபாஷியின் பிழையும்



குடிநீர்த் தொட்டியடியில் பொருத்தப்படும் நீர் மீட்டர், தன் கணக்கைத் தானே அலுவலகத்திற்கு அனுப்பும் காலம் இது. அவ்வாறு அனுப்பும் வழியில் ஒரு மொழிபெயர்ப்பு நிகழ்கிறது என்பதைப் பலர் அறியார். புதுச்சேரியில் டூப்ளேயிடம் ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக விளங்கினார் அல்லவா? அத்தகைய துபாஷி இங்கும் உண்டு. அதன் பெயர் கேட்வே.

மீட்டர்கள் பலவும் பேசுவது 1979இல் தோன்றிய மோட்பஸ் மொழி. வினவினாலொழிய அது வாய் திறவாது. இணைய வழியில் செல்லும் செய்திக்கோ, எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிப்பதற்கென 1999இல் வகுக்கப்பட்ட எம்.க்யூ.டி.டி. முறை பெரிதும் கையாளப்படுகிறது. இதில் ஒருவர் வெளியிடுவார். நடுநிலையம் ஒன்று வேண்டியவர்க்கெல்லாம் வழங்கும். ஆகவே கேட்வே, மீட்டரை இடையிடையே வினவி, விடையை மறுமொழியில் எழுதி அனுப்புதல் வேண்டும்.

தொல்லை எண்ணில்தான் வருகிறது. மோட்பஸ் பதிவேட்டின் ஓர் அறையில் 65,535க்கு மேற்பட்ட எண் அடங்காது. 70,000 லிட்டர் ஓடியிருந்தால், மீட்டர் அதனை ஓர் அறையில் 1 என்றும் மற்றோர் அறையில் 4,464 என்றும் பிரித்து வைக்கும். முன்னதை 65,536ஆல் பெருக்கிப் பின்னதைக் கூட்டினால் 70,000 வரும். எந்த அறை முதலில் என்பதில் உற்பத்தியாளர்களிடையே ஒற்றுமை இல்லை. துபாஷி வரிசையை மாற்றிப் படித்தால் 29,25,52,705 லிட்டர் என்று காட்டும். இதனை எவரும் நம்பார். பிழை அன்றே வெளிப்படும். ஓர் அறையை மட்டும் படித்து 4,464 என்று காட்டினாலோ, அது நம்பத்தக்க எண்ணாகவே தோன்றும்! ‘மோட்டார் ஓடியது, தண்ணீர் எங்கே?’ என்று தொட்டி இயக்குபவரை நிறுத்தி வைத்துக் கேட்போம். பாவம், அவர் என்ன விடை கூறுவார்?

மற்றொன்று. மீட்டருக்கும் கேட்வேக்கும் இடையே கம்பி அறுந்தால், சில கேட்வேக்கள் கடைசியாகக் கேட்ட எண்ணையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். குழாயில் நீர் ஓடவில்லை போலும் என்று நாம் எண்ணியிருப்போம்.

ஆதலின் பணம் பட்டுவாடா செய்யுமுன் பதிவேட்டு அறைகளின் அட்டவணையை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். முதல் நாள் 100 லிட்டர் ஓட்டிப் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். மீட்டர் 65,535 லிட்டரைக் கடந்த பின்னர், அதன் முகத்திலுள்ள எண்ணையும் அலுவலகத் திரையிலுள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். கம்பியை ஒருமுறை கழற்றச் செய்து, திரையில் ‘தொடர்பில்லை’ என்று வருகிறதா, பழைய எண்ணே நிற்கிறதா என்பதையும் நேரில் நின்று காணுங்கள்.