குச்சி சொல்லும் பாடம்



பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூடம் இல்லை, ஆகையால் விஞ்ஞானம் கற்பிக்க முடியவில்லை என்கிறார்கள். பிள்ளைகள் தின்றுவிட்டு எறிகிற ஐஸ் குச்சிகூடவா கிடைக்கவில்லை?

நான்கு குச்சிகளின் முனைகளில் துளையிட்டு, ஆணி கோத்துச் சதுரமாக்குங்கள். ஒரு மூலையைத் தள்ளினால் அது சாய்ந்துவிடும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்து தள்ளுங்கள். குச்சி முறிந்தாலும் முறியுமேயொழிய உருவம் மாறாது. இரும்புப் பாலங்களில் முக்கோணம் முக்கோணமாகச் சட்டம் பூட்டியிருப்பது ஏனென்று அப்போதே விளங்கிவிடும்.

சாய்கிற குணமும் வீணல்ல. குச்சிகளைப் பெருக்கல் குறிபோல் நடுவிலும் முனைகளிலும் வரிசையாகப் பூட்டினால், கையை நெருக்க நெருக்க நீளுகிற பொம்மை தயார். கடைகளின் மடக்குக் கதவு செய்வதும் இதே வேலைதான்.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த எஞ்சினீயர் அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டே இத்தகைய பாடங்களைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

உபாத்தியாயர் சொன்னார் என்பதற்காக இதில் நம்பவேண்டியது ஒன்றுமில்லை. பிள்ளையின் கையே சாட்சி. ஆகவே தோழர்களே, பொம்மையை வாங்கிக் கொடுத்து, "உடைக்காதே" என்று மிரட்டாதீர்கள். குச்சியைக் கொடுத்து, "செய்து பார், பிரித்தும் பார்" என்று சொல்லுங்கள்.