தனக்கென்று ஒரு நாதம்

(முன்னாள் மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் கொமரலிங்கத்துக்காரன், கல்யாண வீடுகளில் நாயனம் வாசிப்பவன். உங்களில் பாதிப் பேர் திருப்பூரில் பனியன் தொழிலில் இருக்கிறீர்கள். பையர் சாம்பிள் அனுப்புவார். அதேபோல் தைத்து, அவர் லேபிளை வைத்து அனுப்புகிறோம். அது தொழில், தப்பில்லை. ஆனால் சொந்தமாகப் பாட்டுப் போட நினைக்கும் நம்ம பசங்களும் சாம்பிள் பார்த்தே தைக்கிறார்கள். நண்பர் மகன் ஒருத்தன், கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, "மாமா, எனக்குன்னு ஒரு ஸ்டைல் வேணும், என்ன பண்றது?" என்றான். வீட்டில் ஆறு மாசம்தான் பொறுப்பார்களாம்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) என்றதும் கிராப்பையும் கோட்டையும் சொல்வார்கள். அதை யாரும் வைத்துக்கொள்ளலாம். 1940-ல் 'கவி காளமேகம்' படத்தில்கூட நடித்தார். அதை இன்று யார் நினைக்கிறார்கள்? தோடி என்றால்தான் அவர்.

அந்தத் தோடிக்குப் பின்னால் ஒரு மரப் பட்டறை இருக்கிறதுங்க. அந்தக் காலத்து நாயனம் திமிரி: குட்டை, சுருதி தூக்கல், வீதி உலாவுக்கு ஏற்றது. சுத்த மத்யமம் அதில் சரியாகப் பேசாது. உதட்டாலும் மூச்சாலும் சமாளிக்க வேண்டும். தோடிக்கோ அந்த ஸ்வரம் இல்லாமல் முடியாது. பிள்ளையவர்கள் வாய்ப்பாட்டும் கற்றவர். பாடுகிற மாதிரியே வாசிக்க ஆசைப்பட்டார். அவருக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி ஆச்சா மரத்தில் நீள நாயனம் கடைந்து, அந்த ஸ்வரம் பேசும்படி செய்தார். அதுதான் பாரி நாயனம். நான் வாசிப்பதும் அதுதான். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பையனின் கீபோர்டில் உறுமிக்கு ஒரு பொத்தான் இருக்கிறது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வரும் இழுப்பு ஒவ்வொரு தடவையும் வேறே. பொத்தான் ஒரே மாதிரிதான் உறுமும். "அது உன் காதுக்கு உறுத்தலையா?" என்றேன். "உறுத்துதுங்க மாமா" என்றான். "அங்கிருந்து ஆரம்பி கண்ணு" என்றேன்.

ஆறு மாசத்தில் ஆகாது. பிள்ளையவர்களுக்கே ஆதீன வித்துவான் என்ற பிடிமானம் இருந்தது. எனக்கும் முகூர்த்த மாசத்துச் சினிமாப் பாட்டுதான் சோறு போடுகிறது. வேலையைத் திரும்பப் பிடிக்கச் சொன்னேன், முகம் சுளித்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு உறுமிக்காரரிடம் போய் உட்காருகிறான். இங்கிருக்கும் கம்பெனி முதலாளிகள் யாராவது அவனுக்குப் பகல் ஷிப்டு மட்டும் கொடுத்தால் உபகாரமாக இருக்குமுங்க.